கையில் கீபோர்டு, காலில் பேஸ்: மேடையில் மிடி பெடல் வைத்துப் பல வாத்தியம் வாசிக்க முழு வழிகாட்டி

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வேலூர்ப் பாலாற்றில் மயானக் கொள்ளை, காட்பாடியில் ஒரு கல்யாண வரவேற்பு, ஆற்காட்டுத் தெருவில் ஆடிக் கூழ். நாலைந்து பேரே போய் வாசித்துவிட்டு வரும் மெல்லிசை மேடைகள் இந்தப் பக்கம் நிறைய. பாட இரண்டு பேர், ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், கிடைத்தால் ஒரு தபேலா. பேஸ் கிட்டார் இல்லாத குறையைக் கீபோர்டுக்காரரின் இடது கை சுமக்கும். இடது கை பேஸுக்குப் போனால் கார்டு மெலியும். கார்டுக்குத் திரும்பினால் பாட்டுக்கு அடித்தளம் போய்விடும். அத்தனை நேரமும் இரண்டு கால்களும் சும்மா இருக்கின்றன.

அந்தக் கால்களுக்கு வேலை கொடுப்பதுதான் மிடி பெடல். மிடி என்பது எந்த நோட், எப்போது, எவ்வளவு என்ற தகவலை ஒரு கருவி இன்னொன்றுக்கு அனுப்பும் முறை; சத்தத்தைக் கீபோர்டோ லேப்டாப்போ எழுப்பும். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்: காலுக்கு எவ்வளவு குறைவாக வேலை கொடுக்கிறீர்களோ, அவ்வளவு தெளிவாக வாத்தியங்கள் கேட்கும். பத்து சுவிட்சிலும் பத்து வேலை ஏற்றியவர் மேடையில் குனிந்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே சொல்லும் ஏற்பாடு எல்லாம் இந்தக் கணக்கில் அமைந்தது: இடது காலுக்கு பேஸ் மட்டும், வலது காலுக்கு சத்த ஏற்ற இறக்கமும் எப்போதாவது ஒரு சுவிட்சும்.

முதலில் தாள், பிறகு கடை

எதையும் வாங்குவதற்கு முன் அடுத்த கச்சேரிப் பட்டியலில் இருந்து 10 பாட்டு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த வாத்தியம் கேட்டே ஆக வேண்டும், அப்போது எந்தக் கை காலியாக இருக்கிறது, டோன் (கீபோர்டில் தேர்ந்தெடுக்கும் வாத்தியச் சத்தம்) எங்கே மாறுகிறது. எழுதி முடித்தால், பத்தில் எட்டு பாட்டுக்காவது பேஸும் ஸ்ட்ரிங்ஸ் ஏற்ற இறக்கமும்தான் தேவை என்று தெரியவரும். டோன் மாற்றம் ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று இடத்தில்தான் வரும். ஒரு பஜனைப் பாட்டில் தம்புரா, ஓர் அம்மன் பாட்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு உடுக்கை அடி, இப்படிச் சில்லறை வேலை கொஞ்சம் இருக்கும்.

இனி சேனல் பிரியுங்கள். மிடியில் ஒரு கேபிளுக்குள் 16 சேனல் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வாத்தியக்காரர் மாதிரி. வலது கை 1, இடது கைக் கார்டும் ஸ்ட்ரிங்ஸும் 2, கால் பேஸ் 3, தம்புரா 4. சேனல் 10-ஐ பேஸுக்குக் கொடுக்காதீர்கள். ஜெனரல் மிடி முறையில் அது தாளத்துக்கு ஒதுக்கப்பட்டது. பேஸ் பெடலை மிதித்தால் டிரம் சத்தம் வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். உடுக்கை, சலங்கை சாம்பிள்களை 10-இல் வைக்கலாம். மயானக் கொள்ளை மாதிரி நிஜப் பம்பையும் உடுக்கையும் ஒலிக்கும் இடத்தில் அந்த சாம்பிளைத் தொடவே வேண்டாம். தோலின் சத்தத்துக்குப் பக்கத்தில் அது செத்த சத்தமாகத்தான் கேட்கும்.

என்ன வாங்குவது, எந்த வரிசையில்

முதலில் எக்ஸ்பிரஷன் பெடல், அதாவது முன்னும் பின்னும் சாய்த்துச் சத்தத்தை ஏற்றி இறக்கும் பெடல். விலை குறைவு; காலைக் கட்டுப்பாட்டில் வைக்கக் கற்றுக்கொடுப்பதும் அதுதான். இரண்டாவது பேஸ் பெடல்: சி-யிலிருந்து அடுத்த சி வரை 13 கட்டை உள்ளது போதும். ரோலண்ட் பிகே-5, ஸ்டுடியோலாஜிக் எம்பி-113 இரண்டும் இந்த அளவுதான். பழையது வாங்கினால் ஒவ்வொரு கட்டையையும் 20 தடவை மெதுவாகவும் வேகமாகவும் மிதித்துப் பாருங்கள். ஒரு மிதிக்கு இரண்டு சத்தம் வந்தால் உள்ளே காண்டாக்ட் அழுக்கு அல்லது தேய்மானம். கடைசியாக, டோன் மாற்றுவதற்கான சுவிட்ச் பெடல். நாலு முதல் ஆறு சுவிட்ச் தாராளம். பெரிஞ்சர் எஃப்சிபி1010-இல் 10 சுவிட்சும் இரண்டு எக்ஸ்பிரஷன் பெடலும் சேர்ந்தே வரும். ஆனால் அதில் யுஎஸ்பி கிடையாது, 5 பின் மிடி மட்டுமே.

சாலிடரிங் தெரிந்தவர்கள் பேஸ் பெடலை வீட்டிலேயே செய்யலாம். ஆர்டுயினோ புரோ மைக்ரோ (நாமே புரோகிராம் ஏற்றிக்கொள்ளும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு) ஒன்று, நெம்பு வைத்த மைக்ரோ சுவிட்ச் 13, மரப்பலகை, ஸ்பிரிங். சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். ஊனோ ஆர்3 போர்டு வாங்கிவிடாதீர்கள்; அது தானாக யுஎஸ்பி மிடிக் கருவியாக இயங்காது. புரோ மைக்ரோ, லியோனார்டோ இரண்டும் இயங்கும். சுவிட்ச் அழுந்தும்போது உள்ளே உள்ள தகடு சில மில்லி செகண்டுக்குத் துள்ளும். அதைப் போர்டு பல மிதியாக எண்ணிவிடும். புரோகிராமில் 10 மில்லி செகண்ட் காத்திருப்பு வைத்தால் சரியாகிவிடும்.

இணைப்பு: பலர் சிக்குகிற இடம்

5 பின் கேபிள் என்றால் கணக்கு எளிது. பெடலின் மிடி அவுட்டிலிருந்து கீபோர்டின் மிடி இன்னுக்கு. கேபிள் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு பெடல்களை ஒரே மிடி இன்னில் சேர்க்க ஒய் கேபிள் போட்டால் வேலை செய்யாது. இரண்டு பக்கத்துத் தகவலும் ஒன்றோடொன்று மோதிச் சிதறும். மிடி மெர்ஜ் பாக்ஸ் தேவை, அல்லது முதல் பெடலில் மிடி இன் இருந்து, வருவதைத் தன் தகவலோடு சேர்த்து அனுப்பும் வசதி இருக்க வேண்டும்.

யுஎஸ்பி-யில் வேறு சிக்கல். கீபோர்டின் பின்னால் சதுர வடிவத்தில் உள்ள யுஎஸ்பி துளை கம்ப்யூட்டருக்கானது. அதில் யுஎஸ்பி பெடலை நேராகச் சொருகி எந்தப் பயனும் இல்லை. இரண்டுமே ஏவலுக்குக் காத்திருக்கும் கருவிகள். நடுவில் ஏவுவதற்கு ஒரு லேப்டாப்போ யுஎஸ்பி ஹோஸ்ட் பாக்ஸோ வேண்டும். யுஎஸ்பி கேபிளை 5 மீட்டருக்குள் வையுங்கள்.

லேப்டாப்பில் இருந்தே சத்தம் எடுப்பவர்கள் பஃபர் அளவைக் கவனியுங்கள்; லேப்டாப் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்து அனுப்புகிறது என்பதுதான் அது. 48,000 சாம்பிள் வேகத்தில் 256 பஃபர் என்றால் சுமார் 5.3 மில்லி செகண்ட், 512 என்றால் அதன் இரு மடங்கு. ஆடியோ கார்டின் சொந்தத் தாமதம் அதற்கு மேல். 256-இல் தொடங்குங்கள். விண்டோஸில் ஏசியோ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) இல்லாமல் கால் பேஸ் வாசிக்க முயலாதீர்கள்; சத்தம் பின்தங்குவது காலிலேயே உறைக்கும். மிடியின் வேகத்தைக் குறை சொல்லத் தேவையில்லை. 5 பின் கேபிளில் ஒரு நோட் போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லி செகண்ட்தான். நீங்கள் 3 மீட்டர் தள்ளி நிற்கும் மானிட்டர் பாக்ஸில் இருந்து சத்தம் காதுக்கு வரவே 9 மில்லி செகண்ட் ஆகிறது. பேஸ் இழுக்கிற மாதிரி இருந்தால் முதலில் மானிட்டரைப் பக்கத்தில் நகர்த்திப் பாருங்கள்.

கால் பேஸை அமைப்பது

எந்த ஆக்டேவ் என்பதை, மிடி ஒவ்வொரு சுரத்துக்கும் தரும் நோட் எண்ணால் பேசுவது நல்லது. நடு சி-யை ஒரு கம்பெனி சி3 என்கும், இன்னொன்று சி4 என்கும். எண் மட்டும் எல்லாவற்றிலும் 60. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 28-ஆம் எண், 41 ஹெர்ட்ஸ். அதைப் பார்த்துப் பெடலை 24-இல் தொடங்கினால் கீழ் சி வெறும் 33 ஹெர்ட்ஸ். தெருவிழா மைக் செட் அந்த ஆழத்தை எடுக்காது. உங்கள் ஹெட்போனில் அதிரும் பேஸ் கூட்டத்துக்குக் கேட்கவே கேட்காது. பெடலை 36-இல் தொடங்குங்கள். கீழ் சி 65 ஹெர்ட்ஸ், சாதாரண 12 அங்குல பாக்ஸிலும் உருவம் தெரியும்.

பேஸ் டோனை மோனோவில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே நோட் ஒலிக்கும்படி வையுங்கள். கால் ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒலிக்காமல் அதுதான் காக்கும். மிதி வேகத்தை உணரும் பெடலாக இருந்தாலும் வெலாசிட்டியை 95-இல் நிறுத்திவிடுங்கள். காலுக்குக் கைவிரலின் நயம் வராது. ஒரு நோட் இடியாகவும் அடுத்தது முனகலாகவும் விழும். ரிலீஸ் நேரம் (காலை எடுத்த பின் சத்தம் ஓய எடுக்கும் நேரம்) 100 மில்லி செகண்ட் சுற்றி இருக்கட்டும்.

சஸ்டெய்ன் விஷயத்தில் கவனம் வேண்டும். கையை எடுத்த பிறகும் நோட்டைப் பிடித்து வைக்கும் சஸ்டெய்ன் பெடல் அனுப்புவது சிசி 64. சிசி என்பது கண்ட்ரோல் சேஞ்ச், 0 முதல் 127 வரை மதிப்போடு போகும் மிடிக் கட்டளை. மதிப்பு 64 அல்லது அதற்கு மேல் என்றால் பிடி, 63 அல்லது அதற்குக் கீழ் என்றால் விடு. அது பேஸ் சேனலுக்குள் நுழைந்துவிட்டால் மிதித்த பேஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்கி ஒரே குழம்பாகிவிடும். சேனல் 3-இல் சிசி 64-ஐ வடிகட்டி நிறுத்துங்கள். பேஸ் காலுக்குப் போன பிறகு இடது கையும் மேலே ஏற வேண்டும். 48-ஆம் எண்ணுக்குக் கீழே இடது கை இறங்காமல் இருந்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். பழக்கத்தில் இடது கை பழைய பேஸ் நோட்டைத் தேடும். முதல் மாதம் அதைத் தடுப்பதுதான் பெரிய வேலை.

கட்டை (சுருதி) மாறும்போது

ஆண் குரல் ஒன்றரைக் கட்டை, அடுத்த பாட்டில் பெண் குரல் ஐந்தரைக் கட்டை. இங்கே கீபோர்டுக்காரர்கள் பலரும் டிரான்ஸ்போஸ் பட்டனைத்தான் தொடுவார்கள். அந்தப் பட்டன் கீபோர்டின் சொந்தக் கட்டைகளை மாற்றும். வெளியே இருந்து மிடி வழியாக வரும் பெடலை மாற்றுமா என்பது கீபோர்டுக்குக் கீபோர்டு வேறுபடும். வீட்டில் சோதியுங்கள்: டிரான்ஸ்போஸை ஒன்று ஏற்றி, கையில் சி, காலில் சி சேர்த்து மிதியுங்கள். ஒன்றாகச் சேர்ந்தால் நல்லது. அரைச்சுரம் உரசினால் பெடல் மாறவில்லை என்று பொருள். அப்படியானால் டிரான்ஸ்போஸைக் கீபோர்டில் செய்யாமல், எல்லாச் சேனலும் கடந்து போகும் ஒரே இடத்தில், அதாவது லேப்டாப் மென்பொருளிலோ மிடி பாக்ஸிலோ செய்யுங்கள்.

கால் ஒரு பேஸ் கட்டையை மிதித்திருக்கும்போது டிரான்ஸ்போஸையோ ஆக்டேவையோ மாற்றினால் அந்த நோட் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்க வாய்ப்புண்டு. தொடங்கியது 38, விடச் சொல்லிப் போவது 39. 38-க்கு விடுதலை வருவதே இல்லை. பாட்டுக்கு நடுவில் காலை எடுத்துவிட்டுத்தான் பட்டனைத் தொட வேண்டும்.

எக்ஸ்பிரஷன் பெடல்

சத்தத்தை சிசி 7-ஆல் ஆளாதீர்கள், சிசி 11-ஆல் ஆளுங்கள். 7 என்பது மிக்ஸர் மாதிரி வாத்தியங்களுக்கு இடையே அளவு வைக்க. 11 அதற்குள் மூச்சு விட. இரண்டையும் பிரித்து வைத்தால், பெடலை முழுக்க அழுத்தினாலும் ஸ்ட்ரிங்ஸ் பாடகரை மூடாது. குறைந்த மதிப்பை 0-இல் விடாமல் 25 அளவில் நிறுத்துங்கள். கால் தவறிப் பின்னால் சாய்ந்தாலும் பாட்டுக்கு நடுவே வெறுமை விழாது.

யமஹா வகைப் பெடலும் ரோலண்ட் வகைப் பெடலும் பார்க்க ஒரே ஜாக்தான், ஆனால் உள்ளே முனையும் வளையமும் இடம் மாறிய வயரிங். மாற்றிப் போட்டால் பெடல் கொஞ்ச தூரம் எதுவும் செய்யாது, பிறகு சட்டென்று எகிறும். சில பெடல்களின் அடியில் இதற்கென்றே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. சஸ்டெய்ன் தலைகீழாக, மிதித்தால் நின்று, காலை எடுத்தால் பிடித்தால், கீபோர்டை ஆன் செய்யும்போது கால் அதன்மேல் இருந்திருக்கும். பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில்தான் பெடலின் போக்கைக் கற்றுக்கொள்கின்றன. காலை எடுத்துவிட்டு ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

டோன் மாற்றம்

சுவிட்ச் பெடல், டோனை மாற்றச் சொல்லும் மிடிக் கட்டளையான புரோகிராம் சேஞ்ச் அனுப்பும். எண் 0 முதல் 127 வரை; பல கருவிகள் திரையில் 1 முதல் 128 என்று காட்டும். கேட்ட டோனுக்குப் பக்கத்து டோன் வருகிறது என்றால் இந்த ஒன்று வித்தியாசம்தான்.

புரோகிராம் சேஞ்ச் வந்ததும் ஒலித்துக்கொண்டிருக்கும் நோட்டை வெட்டிவிடும் கீபோர்டுகள் உண்டு. புல்லாங்குழல் கடைசிச் சுரம் கத்தரித்த மாதிரி அறுந்து விழும். இதைத் தவிர்க்க, குழலையும் ஸ்ட்ரிங்ஸையும் ஆரம்பத்திலேயே வெவ்வேறு சேனலில் ஏற்றி வைத்துவிட்டு, சுவிட்ச் கைக்கட்டைகள் எந்தச் சேனலுக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் மாற்றும்படி அமையுங்கள். குழல் தன் சேனலில் ஓய்ந்துகொண்டிருக்கும்போதே கை ஸ்ட்ரிங்ஸைத் தொடங்கிவிடும். இதற்கு லேப்டாப்பில் மெயின்ஸ்டேஜ், கேன்டபிலி, கிக் பெர்ஃபார்மர் மாதிரி மேடைக்கென்றே செய்த மென்பொருள்கள் உதவும். சுவிட்சுக்கு ‘அடுத்தது’, ‘முந்தையது’ என்ற இரண்டு வேலை போதும். பாட்டுக்குள் வரும் வரிசையிலேயே டோன்களை அடுக்கி வையுங்கள். தேடி மிதிக்கும் வேலை அதோடு தீர்ந்தது.

ஒரு சரணம், அருகில் இருந்து

இரண்டு கட்டைச் சுருதியில் ஒரு அம்மன் பாட்டு. நிமிடத்துக்கு 96 தட்டு, எட்டுத் தட்டுக்கு ஒரு கார்டு: டி மைனர், பி ஃபிளாட், சி, மறுபடி டி மைனர். ஒரு தட்டு 625 மில்லி செகண்ட்.

இடது காலின் முன்பாதம் டி-யில். முதல் தட்டிலும் ஐந்தாம் தட்டிலும் மட்டும் மிதி. எட்டாம் தட்டின் பின்பாதியில் காலை எடுத்தால் பி ஃபிளாட் போய்ச்சேர 312 மில்லி செகண்ட் இருக்கிறது; பேஸ் கிட்டார்காரரும் அங்கே விரலைத் தூக்குவார், அதனால் இடைவெளி இயல்பாகவே கேட்கும். பி ஃபிளாட்டிலிருந்து மேல் சி-க்குக் குதிக்கத் தேவையில்லை: மேல் சி-க்கு நேர் கீழே குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்பாதத்தை மட்டும் திருப்பினால் போதும். மேல் சி-யிலிருந்து கீழ் டி-க்குத் திரும்புவதுதான் நீண்ட பயணம். அதற்கு ஏழாம் தட்டிலேயே காலை எடுத்துவிடுங்கள். ரிதம் பேட்காரரிடம் அந்த இடத்தில் ஒரு ரோல் போடச் சொல்லி வைத்தால், பேஸ் இல்லாத இரண்டு தட்டும் வேண்டுமென்றே விட்ட மாதிரி அழகாக விழும். இதற்கிடையே வலது கால் செய்வது ஒன்றே ஒன்று: கடைசி பதினாறு தட்டில் எக்ஸ்பிரஷனை 50-லிருந்து 100-க்கு மெதுவாக ஏற்றுவது. சுவிட்ச் எதுவும் இங்கே கிடையாது. டோன் மாற்றத்தைச் சரணம் முடிந்து பேஸ் ஓய்ந்த இடத்துக்குத் தள்ளியாயிற்று.

பயிற்சியும் காலணியும்

முதல் வாரம் கையே வேண்டாம். மெட்ரோனோம் 60-இல், காலால் ச, ப மட்டும், தினம் 15 நிமிடம், பார்க்காமல். இரண்டாம் வாரம் நாலு கார்டுச் சுற்று. மூன்றாம் வாரம் இடது கை நீண்ட கார்டைப் பிடிக்க, கால் அடியில். வலது கை மெட்டு நான்காம் வாரம்தான் சேர வேண்டும். அவசரப்பட்டு மூன்றையும் சேர்த்தால் கால் வலது கையின் தாளத்தைக் காப்பியடிக்கத் தொடங்கும். அந்தப் பழக்கத்தை உடைப்பது கடினம். நின்றுகொண்டு இரண்டு காலையும் இப்படிப் பயன்படுத்த முடியாது. உடல் எடை பிட்டத்தில் இருந்தால்தான் இரண்டு காலும் விடுபடும். ஸ்டூல் உயரம், தொடை முன்னோக்கிச் சற்றுச் சரியும் அளவு இருக்கட்டும்.

கோயில் வளாக மேடையில் வெறுங்கால், வரவேற்பில் ஷூ. இரண்டிலும் பழகுங்கள், ஏனென்றால் தூரக் கணக்கே மாறும். தடித்த அடி கொண்ட ஸ்போர்ட்ஸ் ஷூ இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கும். மெல்லிய தோல் அடியும் சின்னக் குதியும் உள்ள ஷூ சிறந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்தில் இருக்க அதற்கு அலைய வேண்டியதில்லை. வெறுங்காலுக்கு வியர்வைதான் எதிரி. பெடலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு, பாதம் துடைக்க.

மேடையில்

ஜெனரேட்டர் கரண்டை நம்பி லேப்டாப்பை அடாப்டரில் மட்டும் ஓட்டாதீர்கள். பேட்டரி முழுதாக இருக்கட்டும், பெடலுக்கும் கீபோர்டுக்கும் ஒரு சிறிய யுபிஎஸ். கரண்ட் ஒரு கணம் தடுமாறினால் விளக்கு மினுக்கும், அவ்வளவுதான். கீபோர்டு ரீஸ்டார்ட் ஆனால் அரை நிமிடம் மேடை ஊமை.

உம் என்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் அடாப்டரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகச் சேர்ந்து இரைகின்றன. 5 பின் மிடியில் கருவிகளுக்கு இடையே மின் தொடர்பு இல்லை, ஒளி வழியாகத்தான் தகவல் கடக்கிறது. யுஎஸ்பி-யில் கிரவுண்டும் சேர்ந்தே போகும். ஆடியோ லைனில் டிஐ பாக்ஸ் (கருவியின் சத்தத்தை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வைத்து, எர்த் இணைப்பைத் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதோ டேப் சுற்றுவதோ ஒருக்காலும் கூடாது. ஈர மணலில் வெறுங்காலோடு உலோகப் பெடலை மிதிக்கிற ஆள் நீங்கள்.

சிரசுத் திருவிழா வருவது வைகாசி முதல் நாள், அக்னி நட்சத்திர வெயிலில். சூடேறிய லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைக்கும், சத்தம் வெடித்து வெடித்து வரும். அடியில் காற்றுப் போக ஸ்டாண்ட் வையுங்கள், பகலில் திறந்த வேனில் விட்டுவிடாதீர்கள். ஆற்று மணல் தூசி எக்ஸ்பிரஷன் பெடலின் வால்யூம் கண்ட்ரோலுக்குள் போனால் மதிப்பு நடுங்கும்; ஸ்ட்ரிங்ஸ் காரணமில்லாமல் துடிக்கும். காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, பெடலை முப்பது தடவை ஆட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

ஒரு சுவிட்சை, கால் தற்செயலாகப் படாத ஓரத்தில், எல்லாச் சேனலுக்கும் சிசி 123-உம் சிசி 120-உம் அனுப்பும்படி வையுங்கள். 123 எல்லா நோட்டையும் விடச் சொல்லும். 120 ஒலிக்கும் சத்தத்தையே அணைக்கும். சிக்கிக்கொண்ட பேஸ் நோட்டுக்கு இதுதான் மருந்து.

பெடல் பலகைகளைத் தரை விரிப்பில் டேப் போட்டு ஒட்டுங்கள்; ஒட்டிய இடத்தின் ஓரத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் நகர்ந்ததா என்று இடைவேளையில் தெரியும். ஆன் செய்யும் வரிசை: பெடல், கீபோர்டு, லேப்டாப், கடைசியில் சவுண்ட் சர்வீஸ்காரர் லைனைத் திறக்க வேண்டும். அணைக்கும்போது முதலில் அவர் லைனை மூடட்டும். சவுண்ட் செக்கில் பேஸ் பெடலின் 13 கட்டையையும் கீழிருந்து மேலே ஒரு தடவை மிதியுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் தனியாக உறுமினால் அது பெரும்பாலும் மேடைப் பலகையின் அதிர்வு. அந்த நோட்டின் ஹெர்ட்ஸைச் சொல்லி மிக்ஸரில் 3 டெசிபல் இறக்கச் சொல்லுங்கள். பெடலைத் தொட வேண்டாம்.